ஈயம் இறக்கும் தொட்டி

எங்கள் ஆற்றின் அடிவண்டலில் ஈயம் படிந்திருக்கிறது என்று செய்தி வந்த நாளில் ஊரில் ஒருவரும் அசையவில்லை. அந்த ஈயத்தை உள்ளங்கால் வழியாக இறக்கித் தருகிறேன் என்று ஒரு வெள்ளைக் கோட்டு வந்ததும் ஊரே எழுந்து ஓடியது. நோயைச் சொன்னால் கொட்டாவி, மாயத்தைச் சொன்னால் கூட்டம்.

டிக்கெட் வாங்கிவிட்டால் வைத்தியம் எளிது. தொட்டியில் வெந்நீர், ஒரு பிடி உப்பு, வயர் கோத்த ஒரு குழல். காலை உள்ளே விட்டு மேலே கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். வெளிச்சம் பட்டால் விஷம் வெட்கப்பட்டு உடம்புக்குள் திரும்பிவிடுமாம்! சுவிட்சைப் போட்டால் சற்று நேரத்தில் தண்ணீர் சாக்கடையாகும். தன் உடம்பின் அழுக்கைக் கண்டு மனிதன் அடையும் பூரிப்பு, பட்டம் வாங்கினாலும் வராது. கொட்டகை, பழைய பேட்டரி உருக்கும் பட்டறை முதலாளியின் உபயம். தங்கமான மனசு.

இந்தப் பைத்தியம் என் தம்பி வீட்டுக்குள்ளும் புகுந்தது. அவனுடைய பேத்தி ஆற்றங்கரைச் சேற்றில் வீடு கட்டி விளையாடும் குழந்தை. சில மாதங்களாக ஓயாத வயிற்றுவலி, முகமெல்லாம் வெளுப்பு. குழந்தையின் தாய், அதாவது தம்பியின் மருமகள், ஆற்று மண்ணைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றாள்.

தம்பி குதித்தான். "நம்ம பிள்ளை ரத்தத்துல விஷம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? தொட்டின்னா சத்தமில்லாம முடிஞ்சிடும்."

மானம் எனக்கும் உண்டு. ஆனால் குழந்தையின் வலியை மூடிவைக்கும் துணிக்கு மானம் என்று பெயரில்லை. சொன்னேன். அவன் கேட்டால்தானே!

மருமகள் சண்டை போடவில்லை. "முதல்ல நான் உக்கார்றேன் மாமா. தொட்டி நிஜம்னா பாப்பாவையும் உக்கார வைங்க. பொய்னா நாளைக்கே ஆஸ்பத்திரி. பெரிய மாமா சாட்சி."

"சரி" என்றான் தம்பி.

கொட்டகையில் ஒரு தையற்காரர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "போன தடவை எனக்கு ஒரு தொட்டி நிறைய ஈயம் இறங்குச்சு!"

"அவ்வளவு இருந்துச்சுன்னா உங்களைப் பழைய இரும்புக் கடைக்காரன் தூக்கிட்டுப் போயிருப்பானே அண்ணே" என்றாள் மருமகள், துணியைப் போர்த்தியபடி.

சுவிட்ச் போட்டார்கள். தண்ணீர் கறுத்தது, நுரைத்தது. வைத்தியர் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! ஈயத்தோட பாதரசமும் இறங்குது. ஆத்து மீன் ரொம்பச் சாப்பிடுவீங்களோ?"

"நான் சாப்பிடறதில்லை சார். இதுங்க சாப்பிடுமான்னு கேட்டுச் சொல்றேன்."

துணியை விலக்கினாள். தொட்டிக்குள் இரண்டு கொழுத்த வெள்ளரிக்காய்கள். அவளுடைய கால்கள் நாற்காலிக்கு அடியில் செருப்போடு, ஈரமே படாமல் இருந்தன.

வைத்தியர் லேசுப்பட்டவரா? "அது... காய் இந்த ஆத்துத் தண்ணில விளைஞ்சது!"

நம்புங்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது.

மருமகள் தொட்டியைக் கவிழ்த்தாள். புதுத் தண்ணீர், புது உப்பு. காலும் இல்லை, காயும் இல்லை. சுவிட்சை அவளே போட்டாள். வெறும் தண்ணீர் எல்லார் கண்ணெதிரிலும் கறுத்தது.

"இப்ப இது யாரோட ஈயம் சார்? குழலுக்குள்ள இரும்புத் தகடு. உப்புத் தண்ணில கரண்ட் பாஞ்சா துரு கிளம்பாம தேனா வடியும்?"

தையற்காரர் முகம் சிவந்தது. "அப்ப என் உடம்புல இருந்தது?"

"உங்க உடம்புலயேதான் இருக்கு அண்ணே. எவ்வளவுன்னு ரத்தத்தைப் பார்த்தாதான் தெரியும்."

வெள்ளைக் கோட்டு பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு மறைந்தது.

மறுநாள் குழந்தையைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது. இனி அவள் கை அந்தச் சேற்றில் படவே கூடாது, அதுதான் முதல் மருந்து என்றார் டாக்டர். தம்பியே தெருவில் இறங்கினான். "என் பேத்தி ரத்தத்துல ஈயம் இருக்கு. உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க!" என்று வீடு வீடாகக் கத்தினான். எங்கள் குடும்ப மானம் அன்றுதான் தலை நிமிர்ந்து நடந்தது.

பேட்டரிப் பட்டறையின் கழிவுக் குழாயோ இன்றும் நிம்மதியாக ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பிலிருந்து ஈயத்தை இறக்க வரிசையில் நின்ற பெருமக்களே, ஆற்றில் அதை இறக்குகிறவன் வாசலில் எப்போது நிற்கப் போகிறீர்கள்? அங்கே துணியும் போர்த்தவில்லை, டிக்கெட்டும் இல்லை. கண்ணைத் திறந்தால் போதும்.