எலும்பு கேட்டு வந்தவர்

சகல மேன்மைகளும் பெற்று விளங்கும் மைத்துனன் உமாகாந்துக்கு, மிஸ்ரிக்கிலிருந்து உன் அக்காள் புருஷன் கிரிஜாசங்கர் ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அக்காள் சுகம், எருமை சுகம், என் எலும்புகளும் இன்று காலை வரை சுகம். லக்னோவில் உன் மாடியறை காலியாக இருக்கிறதா என்று உடனே தெரிவிக்கவும்.

நம்மூர்க் குளக்கரையில்தானே ததீசி முனிவர் உடம்பெல்லாம் உப்பைப் பூசிக்கொண்டு, பசுக்களை நக்கவிட்டு, சதை போக மிஞ்சிய முதுகெலும்பை இந்திரனுக்குத் தானம் செய்தார். அதில்தானே வஜ்ராயுதம் செய்து விருத்திராசுரனைக் கொன்றார்கள். இந்த வருஷத் திருவிழா நாடகத்தில் முனிவர் வேஷத்துக்கு என்னைப் பிடித்தார்கள். என் நடிப்புக்காக என்று நினைத்துவிட்டேன். "தீட்சித்ஜி, உங்களுக்கு மேக்கப்பே வேணாம், எலும்பு வெளியிலயே தெரியுது" என்றான் பேடாக் கடை சக்கன்லால். அவன்தான் இந்திரன். மாவைப் பூசுங்கள் என்று கெஞ்சியும் கேளாமல் நிஜ உப்பைப் பூசி, நிஜப் பசுவையே அவிழ்த்துவிட்டார்கள். நாக்கா அது, அரம்! கண்ணை மூடிக் கிடந்தேன். இந்திரன் காதருகே குனிந்து, "குடுப்பீங்களா?" என்று மெல்லக் கேட்டான். சக்கன்லால் வாயில் எப்போதும் புகையிலை நாறும். அன்று மழைக்கு முந்திய மண்வாசனை வந்தது. நானும் வசனப்படி, "தாராளமாக எடுத்துக்கொள்" என்று சொல்லித் தொலைத்தேன். கூட்டம் கை தட்டியது.

திரை விழுந்ததும் சக்கன்லால் கிரீடத்தோடு ஓடிவந்து என் காலைப் பிடித்தான். "மன்னிச்சிடுங்க அண்ணே, வயித்தக் கலக்கிடுச்சு. என் சீனுக்கு நான் வரவே இல்ல. நீங்க தனியாவே பேசிச் சமாளிச்சீங்களாமே!"

அன்று முதல் நான் சந்தைக்குப் போனால் ஊர் மாடுகளெல்லாம் பின்னால் வருகின்றன. முட்டுவதில்லை, கத்துவதில்லை. நான் நின்றால் நிற்கின்றன. "இன்னும் உப்பு ஒட்டியிருக்கும், நல்லா தேய்ச்சுக் குளிங்க" என்கிறாள் உன் அக்காள். மேகமே இல்லாத வானத்தில் இடி முழங்குகிறது. முழங்கும்போதெல்லாம் என் முதுகெலும்பு பதிலுக்கு அதிர்கிறது. வைத்தியரிடம் சொன்னேன். வாயுத் தொல்லையாம்.

இன்று காலை உன் அக்காள் வந்து, "ஏங்க, வாசல்ல யாரோ பெரிய மனுஷர் வந்திருக்காரு. கண்ணு இமைக்கவே மாட்டேங்குது. 'அவசரமில்ல, அவர் சம்மதிச்ச பொருள்தான்'னு வேப்பமரத்தடியில உக்காந்துட்டாரு. சாப்பிடக் கூப்பிடட்டுமா?" என்றாள். ஜன்னல் வழியே பார்த்தேன். மாடுகள் அவரைச் சுற்றிப் படுத்திருக்கின்றன. காலை வெயில் சாய்வாக அவர் மேல் விழுந்தும் அவருக்கு நிழல் இல்லை. உமாகாந்த், எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முனிவன் இல்லையப்பா, ஓய்வுபெற்ற குமாஸ்தா. இருக்கும் எலும்போடு இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகிறேன். வண்டியோடு வந்து பின்வாசல் வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் மனைவிக்கு என் ஆசி. குழந்தைகள் பாலும் நெய்யும் உண்டு, திடமான எலும்புகளோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
கிரிஜாசங்கர்

பி.கு.: வண்டி வேண்டாம். மேலே எழுதியதை முடித்ததும் துணிந்து அவரிடமே போய், "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, வேற ஆளே கெடைக்கலையா?" என்று கேட்டேன். "எல்லார்கிட்டயும் கேட்டேன். வேலையிருக்குன்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எடுத்துக்கன்னீங்க" என்று எழுந்து நின்று கைகூப்பினார். என் உத்தியோக காலம் முழுவதும் எனக்காக ஒருவரும் எழுந்து நின்றதில்லை, உமாகாந்த். அழுதுவிட்டேன். வலது கையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.