பில் அண்ணன் வரிக்குப் பயந்த வருடம்

புதுச்சேரியில் வருமான வரியை நினைத்து நிஜமாகவே நடுங்கிய ஒரே மனிதர், வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பில் அண்ணன்தான். சாப்பாடு டெலிவரி செய்பவர். முத்தியால்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருவார். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். எங்களை வரித்துறையின் ஒற்றர்கள் என்றே நம்பியிருந்தார்.

கம்பெனி அவர் கூலியில் கொஞ்சம் வரி பிடிப்பதை ஆப்பில் பார்த்த நாளில் தொடங்கியது பயம். அன்றிலிருந்து எதற்கும் பில் கேட்டார்; பெயரும் அப்படி வந்ததுதான். இளநீர்க்காரர் கத்தியைக் காட்டித்தான் தப்பித்தார். பங்ச்சர் கடைக்காரர் காலண்டர் தாளில் எழுதி, கிரீஸ் கட்டைவிரலால் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். பெட்ரோல் பங்கில் நிற்கும்போது பிரியாணிக்குக் காத்திருந்த ஒருவர் போன் செய்து கத்த, "மொதல்ல பில் வரட்டும் சார், அப்புறம் நான் வரேன்" என்றாராம்.

ஒரு நாள் சாப்பாட்டுப் பையோடு வந்து என் மேசை முன்னால் அழாத குறையாக நின்றார். பைக்குள் சாப்பாடு இல்லை. கட்டுக்கட்டாகக் கறுப்பு அட்டைகள்.

"இன்னா அண்ணே இது?"

"ஒரு வருஷத்துப் பெட்ரோல் பில்லு மேடம். எழுத்து அழிஞ்சிடும்னாங்க. லேமினேட் பண்ணச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு ஆர்டருக்குப் போனேன். வந்து பாத்தா எல்லாம் கருகிக் கெடக்கு!"

சூடு பட்டால் அந்தக் காகிதம் கறுத்துவிடும். ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. சிரித்துத் தொலைத்தேன்.

"சிரிக்காதீங்க மேடம். நான் ஓட்டுற வண்டி மச்சானுது. அடுத்த வாரம் பிரான்ஸ்லேர்ந்து வர்றான், வந்ததும் எடுத்துக்குவான். சொந்த வண்டிக்கு லோன் கேட்டா, வரிக்கணக்குக் காட்டின காகிதம் கொண்டான்றாங்க. வண்டி இல்லன்னா எனக்குப் பொழப்பே இல்ல."

சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. உட்காரவைத்து விளக்கினேன். சின்னத் தொழில்காரர்கள் மொத்த வரவில் ஒரு பங்கை லாபம் என்று காட்டினால் போதும், பில் எதுவும் வேண்டாம். பிடித்த வரியும் திரும்பி வரும்.

கறுப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி அடுக்கினார். பிறகு மெதுவாக, "பங்ச்சர் பில்லு கூடவா வேணாம்?" என்றார்.

"வேணாம்ண்ணே."

"ஒரு வருஷமா மனுசன லோலோன்னு அலைய விட்டுட்டீங்களே! தெனம் சாப்பாடு குடுத்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

"ஒற்றன்கிட்ட போயி உளவு கேப்பாங்களா?" என்று முறைத்தார். எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் அன்றே கணக்கைத் தாக்கல் செய்து, காகிதத்தைக் கையில் கொடுத்து, கையோடு வங்கிக்குத் துரத்தினேன்.

மச்சான் வந்தார், தன் வண்டியை எடுத்துக்கொண்டார். நாலு நாள் எங்களுக்கு வேறு யாரோ சாப்பாடு கொண்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் மாலை போட்ட புது வண்டி. மேலே பில் அண்ணன்.

"ஏறுங்க மேடம். மொத சவாரி நீங்கதான்."

"ஆர்டர் வருமேண்ணே?"

"ஆப்ப அணைச்சிட்டேன்."

மழையிலும் காய்ச்சலிலும் அதை அணைக்காத மனிதர். எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் இருக்கும் என் வீடு வரை வழி நெடுக, மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வீட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாமே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.