நான்கு நாளில் முடியவேண்டிய குதிர்

பெம்பா,
நவம்பர் 19

பள்ளிக் கணக்குப் புத்தகக் குழுவின் மூத்த உறுப்பினரும் என் மனைவியின் அண்ணனுமாகிய ஹிமூந்தே மச்சானுக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே கைகாட்டிக்காரன் ஜைரோஸ் சியாமுண்டு மரியாதையுடன் எழுதுவது.

நானும் உங்கள் தங்கை பினா சிப்பெகோவும் நலம். ஆடுகளும் நலம், அவற்றில் ஒன்று தேவைக்கு மேல் நலமாக இருக்கிறது, காரணம் கீழே வரும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் உங்கள் புத்தகத்தின் எண்பத்தேழாம் பக்கத்துக் கணக்கு. ஜனவரியிலிருந்து நாங்கள் இருவரும் பெரியவர்களுக்கான மாலை வகுப்புக்குப் போகிறோம். அவள் பாதியில் விட்ட படிப்பை முடிக்கப் போகிறாள், நான் துணைக்குப் போகிறேன். ஏ என்பவர் ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பார், பி என்பவர் பன்னிரண்டு நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்பது கணக்கு. ஏ ஒரு நாளில் செய்வது ஆறில் ஒரு பங்கு, பி செய்வது பன்னிரண்டில் ஒரு பங்கு, கூட்டினால் நான்கில் ஒரு பங்கு, ஆகவே நான்கு நாள் என்று நமூங்கா டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். முப்பது வருஷம் ரயிலை நிறுத்தியும் அனுப்பியும் பழகிய எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து வாயை விட்டேன். உங்கள் தங்கை அடுப்பில் நிஷிமாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பி யாருங்க?" என்றாள்.

"யாரா இருந்தா என்ன? பி-ன்னா பினான்னு வச்சுக்கயேன்."

துடுப்பு நின்றது. "அப்ப நான் பன்னெண்டு நாளு, நீங்க ஆறு நாளு?"

"கணக்குக்குத்தானே சொல்றேன்."

"சரி. குதிர் கட்டணும்ல, அதுல பாத்துருவோம்."

பழைய குதிர் கறையானுக்கு இரையாகிவிட்டது மச்சான். அடுத்த அறுவடை வரை சாப்பிட வேண்டிய மக்காச்சோளம் முற்றத்தில் ஒரு கிழிந்த தார்ப்பாயின் மேல் கிடந்தது, மழை இன்றோ நாளையோ என்று இருந்தது. ஆகவே நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்து இறங்கினோம். நான் மாமரத்துப் பக்கம் நான்கு குழி தோண்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் சமையல்கட்டுப் பக்கம் நான்கு குழி தோண்டி வைத்திருக்கிறாள். மாமரத்தடியில் குதிர் வைத்தால் எலி கிளை வழியாகவே இறங்கும் என்றாள், அது நியாயம்தான், ஆனால் அதை முதல் குழியிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா, கேட்டதற்கு, "நீங்கதான் ஆறு நாள் ஆளாச்சே, எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள். மாலை வரை என் குழிகளை நானே மூடினேன். செவ்வாய்க்கிழமை கம்பம் நட்டோம், பக்கத்து வீட்டு ஹமவீந்தா உதவிக்கு வந்தார், அவரை ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சோளப் பானம் சிப்வாந்துவை மூன்று குவளை குடித்துவிட்டு, நட்ட கம்பம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சாய்ந்துதான் இருந்தது, பிடுங்கி நட்டோம். புதன்கிழமை சுவரைப் பின்னினோம், நான் உள்ளே இருந்தும் அவள் வெளியே இருந்தும். நான் பின்னியது தளர்வு என்று அவள் அவிழ்த்தாள், அவள் பின்னியது நெருக்கம், காற்றுப் போகாது என்று நான் அவிழ்த்தேன். மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஆடு வந்து கட்டுநாரையெல்லாம் தின்றுவிட்டது.

அந்த வழியாக வந்த நமூங்கா டீச்சர் வேலி மேல் கை வைத்துச் சிரித்தார். "தாத்தா, இது வேற பாடம். ஒரு குழாய் ரொப்பும், ஒரு குழாய் காலி பண்ணும். அடுத்த வாரம் நடத்துறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம், அதாவது உங்கள் புத்தகப்படி குதிர் முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், அது என் முழங்கால் உயரம் இருந்தது. வடக்கே வானம் கறுத்திருந்தது. அவள் சோளத்தைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போய்க் கழியும் புல்லும் வெட்டியாங்க. கொண்டாந்து போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுங்க. சுவர் என் பாடு."

அப்படியே செய்தேன். நான் வெட்டினேன், சுமந்தேன், போட்டேன், போனேன். அவள் பின்னினாள், மண் பூசினாள். சனிக்கிழமை கூரை ஏறியது, கடைசிக் கூடைச் சோளம் உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. இருவரும் கூரைக்கடியில் நெருக்கி நின்றோம். அவள் என் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். ஆக, சேர்ந்து செய்த நான்கு நாளில் முழங்கால் உயரம், பிரிந்து செய்த இரண்டு நாளில் குதிர் முழுதும்.

ஆகையால், ஏவும் பியும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது, ஏவையும் பியையும் ஒரே வேலையில் விட்டுப் பார்க்காதவர்கள் எழுதியது. அந்தக் கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுமாறு குழுவில் சொல்லுங்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டுக் குதிரும் வயிறும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜைரோஸ் சியாமுண்டு

பி.கு.: உறையை ஒட்டும்முன் டீச்சர் மாதத் தேர்வுத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பம்பு பத்து மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று பதினைந்து மணி நேரத்தில், சேர்ந்தால்? நான் உங்கள் புத்தகப்படி ஆறு மணி நேரம் என்று போட்டேன், மூன்று மதிப்பெண். அந்த மூன்றால்தான் தேறியிருக்கிறேன். உங்கள் தங்கை, "பேசிக்கொள்ளாமல் இருந்தால் ஆறு மணி நேரம், பேசிக்கொண்டால் தெரியாது" என்று எழுதியிருக்கிறாள். ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதக்கூடாதாம், அந்த மூன்று போனதால் அவள் தேறவில்லை. ஆகவே கணக்கு அப்படியே இருக்கட்டும் மச்சான், அருமையான கணக்கு. அதை எடுத்துவிடச் சொல்லி அவள் இப்போது உள்ளே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், எனக்கும் அதே கருத்துத்தான் என்று என்னைச் சாட்சிக்கு இழுக்கிறாள். மேலே நான் எழுதியதே அவளுக்குச் சாட்சியாகிவிடும், தயவுசெய்து என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் கடிதத்தைப் பிரியுங்கள்.