இந்த மாசத்தோட சரி

வேலை பார்க்கிறவர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: வேலையில் இருப்பவர்கள், வேலையை விட்டவர்கள். தப்பு. இரண்டுக்கும் நடுவே, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, மூன்றாவதாக ஓர் இனம் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு 'விடப்போகிறவர்' என்று பெயர். எல்லா அலுவலகங்களிலும் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கொத்துக்கொத்தாக உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். காலையில் வந்ததும் மற்றவர்கள் குட்மார்னிங் சொல்வார்கள். விடப்போகிறவர், "இந்த மாசத்தோட சரி" என்பார்.

எந்த மாசம் என்று கேட்டுவிடாதீர்கள். அது அநாகரிகம்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைக் காட்டுகிறேன். பெண். வயது இருபத்து நாலு. படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை; சேர்ந்து இருபது மாதமாகிறது. அதில் பதினேழு மாதமாக விடப்போகிறாள். முதல் மூன்று மாதத்தைத்தான் ஏதோ விவரம் தெரியாமல் வேலை பார்த்தே கழித்துவிட்டாள்.

காரணம் இல்லாமல் யாராவது விடப்போவார்களா? காரணம் இருக்கிறது, கண்ணாடி அறைக்குள் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய மேலாளருக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் 'அஞ்சு நிமிஷம்'. "ஜஸ்ட் அஞ்சு நிமிஷம் வாங்க" என்று கூப்பிடுவார். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது சாப்பாடு ஆறி, பசியும் ஆறிப்போயிருக்கும். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிற பெரிய திரையில் நம்மவள் எழுதிய புரோகிராமை விரித்துப்போட்டு, மவுஸின் அம்புக்குறியை ஒரே ஒரு வரியின்மேல் வட்டம் வட்டமாகச் சுற்றவிட்டு, "இதை எழுதினது படிச்சவங்களா, இல்ல கீபோர்டு மேல பூனை நடந்துச்சா?" என்று கேட்பார். பதினாலு பேரும் சிரிப்பார்கள். நாளைக்குத் தங்கள் முறை என்று தெரிந்தே சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரித்துவிட்டு, "சாரி சார், இனிமே இப்படி ஆகாது" என்பாள்.

ஒருமுறை காய்ச்சல் என்று லீவு கேட்டாள். "காய்ச்சல் உனக்கா, லேப்டாப்புக்கா?" என்றார். போர்வைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அவர் செய்தி அனுப்பும்போதெல்லாம் போன் 'டிங்' என்று அடிக்கும்; அடித்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். சரி, சத்தம்தானே பிரச்சினை என்று அதைக் குருவிச் சத்தமாக மாற்றிவைத்தாள். இப்போது ஜன்னலில் நிஜக் குருவி வந்து கத்தினாலும் நிமிர்ந்து உட்காருகிறாள். சீப்பில் முடி கொத்தாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமை ஆரம்பித்துவிடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருந்தால் தான் தானாக இருக்கமாட்டோம் என்று அவளுக்கே தெரிகிறது. பாவம், எல்லாம் தெரிகிறது.

பிறகு ஏன் விடவில்லை என்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை போலிருக்கிறது, அல்லது நடிக்கிறீர்கள். "ரெண்டு வருஷமாவது ஒரு இடத்துல இருந்தாத்தான் மத்தவன் மதிப்பான்" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஒரு ஆறு மாதம். கையிலிருக்கும் புராஜெக்ட் முடியட்டும், பாதியில் விட்டால் நன்றாயிருக்காது என்று ஒரு நாலு மாதம். முடிந்த புராஜெக்ட்டில் தப்பு வந்தால் நம் தலையில்தானே கட்டுவார்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வோம் என்று ஒரு மூன்று மாதம். வெளியே நிலைமை சரியில்லை என்று ஒரு மாதம். நிலைமை சரியானதும், சரியாகிவிட்டதே, இனி என்ன அவசரம் என்று ஒரு மாதம். நடுவில் ஜன்னலோர இருக்கை காலியாகி அவளுக்குக் கிடைத்தது; அந்த ஜன்னலுக்காக ஒரு இரண்டு மாதம். அங்கே உட்கார்ந்திருந்தவன் விடப்போவதாக ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு புதன்கிழமை விட்டுவிட்டான், அவ்வளவுதான். சொல்கிறவன் செய்யமாட்டான், செய்கிறவன் சொல்லமாட்டான் என்பது சும்மாவா?

ஆனால் கடிதம் மட்டும் தயாராக இருந்தது. அதில் குறைசொல்ல முடியாது. அங்கேதான் நம்மவள் செய்த பிழையும் இருந்தது. அவள் தொழில்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத பிழை. அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: யார் எதை எழுதினாலும் சக ஊழியர் இரண்டு பேர் படித்துப் பார்த்து, ஓரத்தில் குறிப்பெழுதி, 'சரி' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே போகவேண்டும். இருபது மாதத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆகவே தன் ராஜினாமாக் கடிதத்தையும், ரகசியமாகத்தான், இரண்டு பேருக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டாள்.

முதல் வரைவு இரண்டே வரி. எதிர்வரிசைத் தோழி, 'ரொம்ப மொட்டையா இருக்குடி, காரணம் வேணாமா?' என்று குறிப்பெழுதினாள். காரணம் எழுதினாள், நாலு பக்கம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர், 'காரணம் எழுதினா வம்பு' என்று குறிப்பெழுதினார். காரணத்தை எடுத்துவிட்டு நன்றி எழுதினாள். 'இவ்வளவு நன்றி இருந்தா ஏன் போறேன்னு கேப்பாங்க' என்றாள் தோழி. நன்றியைக் குறைத்தால், 'நாளைக்கு இவங்க முகத்துலதானே முழிக்கணும்' என்றார் பக்கத்து இருக்கை. இப்படியே வரைவு பதினாறுவரை வந்துவிட்டது. அந்த நிறுவனம் விற்கிற எந்தச் சரக்கையும் இவ்வளவு கவனமாக யாரும் சரிபார்த்ததில்லை.

பக்கத்து இருக்கைக்காரரைச் சொல்லவேண்டும். எல்லோருக்கும் அவர் 'சித்தப்பா'. பதினோரு வருட ஊழியர். ஒன்பது வருடமாக விடப்போகிறவர். அவரிடமும் கடிதம் இருக்கிறது. ஆனால் மூன்று மேலாளர்களுக்கு முந்தைய மேலாளர் பெயருக்கு எழுதியது.

"அவசரப்பட்டு அனுப்பிடாதேம்மா. கோபத்துல முடிவெடுக்கக் கூடாது" என்பார்.

"கோபம் போயிட்டா?"

"போயிட்டா அப்புறம் எதுக்கு விடணும்?"

ஆள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு நம்மவள் பதினேழாவது வரைவுக்குப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அஞ்சு நிமிஷத்தின் அறையிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் இருக்கும் அம்மா கூப்பிட்டாள்.

"இப்பப் பேசலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"சொல்லு."

"பயப்படாதே, ஒண்ணுமில்ல. அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. இப்ப நல்லாத்தான் இருக்காரு. கணுக்கால்ல லேசா வீக்கம். அன்னிக்குன்னு பாத்து நல்ல மழை, வண்டியே கிடைக்கல, அப்புறம் எதிர்வீட்டுக்காரங்கதான்..."

"என்னிக்கு விழுந்தாரு?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நடந்ததுக்கு வெள்ளிக்கிழமை அப்டேட் குடுக்கறியா? கதையெல்லாம் வேணாம், பாயிண்டுக்கு வா. தரை ஈரமா இருந்தது முன்னாடியே தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா ஏன் யாரும் எதுவும் பண்ணல? மூணு நாளா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க எல்லாரும்?"

கேட்டுக்கொண்டே இருந்தபோது அவளுடைய ஆள்காட்டி விரல், மாடிப்படிச் சுவரில் ஒரு புள்ளியின்மேல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரிங்க" என்றாள் அம்மா. உடனே சுதாரித்துக்கொண்டாள். "சரிம்மா. என் தப்புதான். இனிமே இப்படி ஆகாது. நீ வேலையைப் பாரு." வைத்துவிட்டாள்.

சரிங்க. பெற்றவள், பெண்ணைப் பார்த்து. வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எரிந்துவிழுகிறவர்களிடம் சொல்கிற சரிங்க. நம்மவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து கழிப்பறையில் அழுகிற அழுகை அவளுக்குப் பழக்கம்; அதில் தன்மேல் இரக்கம் இருக்கும். இது அது இல்லை. இது வெட்கம். வேலை தன்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பதினேழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, தனக்குள் எதைக் கொண்டுவந்து வைக்கிறது என்று பார்க்கவே இல்லை.

திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ எங்கடி பேசினே? யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. அதான் கொஞ்சம் பயந்துட்டேன். போய் மூஞ்சியைக் கழுவிட்டு ஏதாவது சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. நேராக இருக்கைக்கு வந்தாள். பதினேழு வரைவுகளையும் மூடினாள். புதிதாக இரண்டு வரி எழுதினாள். ஒரு எழுத்துப்பிழைகூட இருந்தது. யாரிடமும் காட்டவில்லை. அனுப்பினாள். வானம் ஒன்றும் இடிந்துவிழவில்லை. எதிரில் தோழி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷத்தில் கண்ணாடி அறையிலிருந்து அழைப்பு வந்தது. கதவைச் சாத்தினார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தூக்கம் போதாத ஒரு மனிதர். முன்தலையில் முடியும் அதிகமில்லை.

"வேற இடம் பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"இல்லாமலேவா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் வயசுல நானும் இப்படித்தான். விட்டுடணும்னு லெட்டர்கூட எழுதி வச்சிருந்தேன். என் மேனேஜர் ஒரு மாதிரி ஆளு, உனக்குத் தெரியாது. நல்லா எழுதிட்டு அனுப்பலாம்னு இருந்தேன், அப்படியே வருஷம் ஓடிடுச்சு." கொஞ்சம் யோசித்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. நானே இந்த வருஷத்தோட சரின்னு இருக்கேன்."

நம்மவளுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அப்பாவைப் பார்க்க மூன்று நாள் லீவும் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே சித்தப்பா காத்திருந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார், கண்கூடக் கலங்கியிருந்தது. "தைரியசாலிம்மா நீ" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்த லெட்டரைக் கொஞ்சம் அனுப்பு. ஃபார்மட் மட்டும் பாத்துக்கறேன்" என்றார்.

ஆக, வாசகரே, விடப்போகிறவர் விடாமலேயே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் இப்போது தீர்ந்திருக்கும். ஒன்று, சித்தப்பா ஆவார்; இல்லாவிட்டால் கண்ணாடி அறை கிடைக்கும். இரண்டாவதுக்குத்தான் சம்பளம் அதிகம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். "அப்படியே நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான்" என்று அவனுக்கு இதை அனுப்பவும் போகிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை. உங்கள் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான். நம்புகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்: கடைசியாக வீட்டிலிருந்து கூப்பிட்டவர்கள், விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால், "இப்பப் பேசலாமா?" என்று உங்களிடம் அனுமதி கேட்டார்களா?