மீன்வைல் அண்ணன் எழுதிய ஒரு ‘பிஃபோர்’

ஆங்கில மொழியை மீன்வைல் அண்ணன் அளவுக்குக் கொடுமைப்படுத்திய மனிதர் பேராக் மாநிலத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வெள்ளைக்காரன் நம் பாட்டன்மார்களை ரப்பர் தோட்டத்தில் வாட்டி எடுத்ததற்கு, இவர் தனியொருவராக ஈப்போவில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகப் பழி தீர்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது ஒரு பஸ் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் பஸ் எங்கே எதை இடித்தாலும், டிரைவரிடம் நடந்ததைக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது அண்ணனின் வேலை. அந்த வேலையை அவரிடம் கொடுத்தது யார் என்று பலமுறை விசாரித்தேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பித்தான், மை பூசிய மீசை, சட்டைப் பையில் பேனா வரிசை. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவருக்கு எதற்கு அத்தனை பேனா என்று கேட்கக்கூடாது. தோட்டத்துக் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், ஆங்கிலம் பேசியதைச் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்தவர். வாய் மூடியதும் தானே ஒரு கிராணி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

‘மீன்வைல்’ என்றால் ‘இதற்கிடையில்’ என்று பொருள். இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. அண்ணனுக்கு அந்த நிபந்தனையெல்லாம் கிடையாது. வாயைத் திறந்தால் மீன்வைல். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து, “மீன்வைல், சோறு போடு” என்றார்.

“மீன் முடிஞ்சிருச்சிண்ணே, கோழிதான் இருக்கு” என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

காலத்தைக் காட்டும் சொற்கள் மீது அவருக்கு அப்படி ஒரு மோகம். வைல், சின்ஸ், அன்டில், பை த டைம் என்று எதையும் விடமாட்டார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வாசிப்பவருக்குச் சொல்லத்தான் அவை இருக்கின்றன என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அவை நகை. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை ஒருமுறைதான் போடவேண்டும்.

“ஒரே சட்டைய ரெண்டு நாள் போடுவியா தங்கச்சி? நாறிப்போகும்லா. இங்கிலீசும் அப்படித்தான்.”

சித்தியவானுக்கு மாற்றலாகிப் போன ஓர் அக்காவுக்கு வாழ்த்து அட்டை எழுதினார். ‘நீங்கள் இருந்தவரை மகிழ்ச்சியாக இருந்தோம்’ என்று சொல்ல நினைத்திருக்கிறார். அட்டையில் ‘வி ஆர் ஹேப்பி சின்ஸ் யூ ஆர் லீவிங்’ என்று இருந்தது. அதாவது, நீ போகிறாய், அதனால் எங்களுக்குச் சந்தோஷம். அந்த அக்கா பிரியாவிடை விருந்தில் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். “பாசம், அதான் தொண்டையில எறங்கல” என்று அண்ணன் எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

பிறகு மாடு. பழைய தோட்டத்துச் சாலையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்த மாட்டை எங்கள் பஸ் உரசிவிட்டது. ‘வைல் ஈட்டிங் கிராஸ், த டிரைவர் ஹிட் த கவ்’ என்று எழுதி அனுப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது: டிரைவர் ஏன் வேலை நேரத்தில் புல் தின்றார்?

அண்ணன் அசரவில்லை. “கேஎல்காரனுக்கு மாட்டப்பத்தி என்னா தெரியும்?” என்றார்.

இதுவரை சிரிப்பு. சேகர் விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது.

சேகர் எங்கள் டிரைவர்களில் சாது. சிம்பாங் பூலாய் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். பின்னால், கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவந்த லாரி பிரேக் பிடிக்காமல் வந்து மோதியது. மோதிய வேகத்தில் பஸ் முன்னால் தள்ளப்பட்டு, எதிரே நின்ற மோட்டார் சைக்கிளை இடித்தது. ஓட்டியவருக்குக் கால் முறிவு. பஸ்ஸில் இருந்த கேமரா வழக்கம்போல ரோசாக், அதாவது பழுது. லாரிக்காரனோ, “பஸ் நிக்கவே இல்ல, அவன்தான் முதல்ல மோட்டார இடிச்சான்” என்று சாதித்தான்.

சேகர் வந்து அண்ணனிடம் ஒழுங்காகத்தான் சொன்னார். நான் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தேன். “முன்னாடியே நின்னுட்டேண்ணே. நின்னதுக்கு அப்புறம்தான் லாரி வந்து அடிச்சான்.”

‘அப்புறம்’ என்பதற்கு ‘ஆஃப்டர்’ போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அதை அண்ணன் முதல் வரியிலேயே செலவழித்துவிட்டார். ஆகவே வேறு நகையைத் தேடி, ‘பிஃபோர் த பஸ் ஸ்டாப்ட், த மோட்டார்சைக்கிள் வாஸ் ஹிட்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அவர் மனசில் அது, ‘முன்னாடி பஸ் நின்றது, மோட்டார் இடிபட்டது.’ ஆங்கிலம் தெரிந்த அத்தனை பேருக்கும் அது, ‘பஸ் நிற்பதற்கு முன்பே மோட்டார் இடிபட்டது.’ லாரிக்காரன் சொன்ன அதே பொய், எங்கள் கம்பெனி முத்திரையோடு.

சேகரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் தோற்றால் வேலை போகும், பஸ் ஓட்டும் லைசென்சும் போகும். நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“அண்ணே, பிஃபோர் எந்தப் பக்கம் ஒட்டுதோ, அது பின்னால நடந்ததாயிடும். தலைகீழா எழுதியிருக்கீங்க. திருத்தி அனுப்புங்க.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பிஃபோர் எழுதிட்டேன். போ, போய் வேலையப் பாரு.”

மேலாளரிடம் போனேன். “ரிப்போர்ட் எழுதினவர்தான் மாத்தணும்மா” என்று அவர் கைகழுவினார். விசாரணை நாள்வரை நான் அண்ணனோடு பேசவில்லை. அவரைப் பார்த்தாலே எரிந்தது. ஒரு மனிதனின் பிழைப்பைவிட இவருடைய மீசையும் பேனாவும் பெரிதாகப் போய்விட்டதே என்று.

விசாரணைக்குக் கேஎல்லிலிருந்து ஒரு சீன மேடம் வந்தார். குறிப்பு எடுக்க என்னை உட்காரவைத்தார்கள். சேகர் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேடம் அறிக்கையைத் திரையில் காட்டி, மலாய் மொழியில் அண்ணனைக் கேட்டார்.

“எது முதலில் நடந்தது? பஸ் நின்றதா, மோட்டாரை இடித்ததா?”

“பஸ் நின்றது மேடம். தெளிவாக எழுதியிருக்கிறேனே.”

“நீங்கள் எழுதியிருப்பது நேர் எதிர். டிரைவர் உங்களிடம் இப்படித்தான் சொன்னாரா?”

‘ஆமாம், அவன் சொன்னதைத்தான் எழுதினேன்’ என்று ஒரு வார்த்தை போதும். அண்ணனின் மானம் தப்பும். அதைத்தான் சொல்வார் என்று நானும் நினைத்தேன். சேகர் தலை நிமிர்ந்து, “அண்ணே” என்றார்.

அண்ணன் எழுந்தார். “மேடம், என்னுடைய பழைய அறிக்கை ஒன்றைத் திறங்கள். தைப்பிங், பஸ் வழுக்கியது.”

திறந்தார்கள். ‘பிஃபோர் த ரெயின் ஃபெல், த பஸ் ஸ்கிட்டட்.’ மழை பெய்வதற்கு முன்பே பஸ் வழுக்கியதாம். அதுவும் தைப்பிங்கில், மழை ஓய்வதே அதிசயமான ஊரில். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். மேலாளர் சிரித்தேவிட்டார்.

“எல்லாவற்றிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்” என்றார் அண்ணன். “எனக்கு அந்தச் சொல் தெரியாது மேடம். தெரிந்த மாதிரி இருந்துவிட்டேன். டிரைவர் என்னிடம் சரியாகத்தான் சொன்னார்.” பிறகு, தன் சொந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “ஃபர்ஸ்ட், பஸ் ஸ்டாப். தென், லாரி ஹிட். தென், மோட்டார்.”

நகை எதுவும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்ததில் உருப்படியான ஆங்கிலம் அது ஒன்றுதான். நான் ஓர் எழுத்துகூட மாற்றாமல் குறித்துக்கொண்டேன்.

சேகர் மறுவாரமே பஸ் எடுத்தார். அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அண்ணனைப் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் காக்கும் கவுண்டரில் போட்டார்கள். அங்கே முதல் நாள் காலையிலும் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டுதான் வந்தார். அவரைத் தாண்டிப் போன புதுப் பையன் ஒருவன், “என்னாண்ணே, மழைக்கு முன்னாடியே வழுக்குதாமே” என்று இளித்தான்.

அண்ணன் ஒரு குடையை மடித்து வைத்தார்.

நான்தான் போய் அவனைக் கிழித்தெடுத்தேன். மீன்வைல் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை உண்டு. அவனுக்கு என்ன வந்தது?