மச்சான் மிதித்தால்தான் பிரேக்

தூத்துக்குடியில் ஆண்டவருக்குப் பயப்படாதவர்கள்கூட மச்சான் மெக்கானிக்குக்குப் பயந்தார்கள். அவருடைய சொந்தப் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ! எழுபதுகளில் துறைமுகம் போகிற சாலையில் ஷெட் வைத்திருந்தார். அதற்கு முன் சங்கு குளித்தவர். கடலை விட்டாலும் கடல் சட்டத்தை விடவில்லை. ஒருவன் தண்ணீருக்குள் முங்கினால், மேலே கயிறு பிடிப்பவன் அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். தங்கச்சி தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்? பிரேக்குக்கும் அதே சட்டம்தான்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பவர் கார்க்காரரின் பெண்டாட்டியோடு பிறந்தவராக இருந்தால்தான் இவர் ஸ்பேனரையே தொடுவார்.

என் பழைய காரின் பெடல் தரை தட்டியபோது வீட்டுக்காரி நிறைமாதம். பிரசவத்துக்கு வேம்பாரில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் நெரிசல் ஆகவே ஆகாதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் மச்சானோ, எங்கள் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மீன் தலை வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

“அண்ணாச்சி, நானே மிதிக்கேன்.”

“உம்ம உசுரு மேல உமக்கு அக்கறை இருந்தா, பெடல் தரை தட்டுற வரைக்கும் ஓட்டிருப்பீராவே? மச்சானக் கூட்டிட்டு வாரும்.”

“அவன் வரமாட்டான்.”

“அப்ப வண்டியும் போவாது.”

கெஞ்சினேன், கத்தினேன், மீன் தலைக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். மனுஷன் கார் சாவியை மடியில் செருகிக்கொண்டு பீடி பற்றவைத்தார். வேறு வழி? மச்சான் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“உன் தங்கச்சி போற வண்டில பிரேக் இல்ல” என்றேன்.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

ஷெட்டில் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கியை நம்பாமல் காருக்கடியில் மரக்கட்டையும் வைத்திருந்தார். பெடலுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பம். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை, பிரேக் ஆயில் இருந்த பாட்டிலுக்குள் முங்கிக் கிடந்தது. மேலே ஆயில் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது என் வேலை.

“மிதி! அப்படியே பிடி! நான் மூடுறதுக்கு முன்ன காலை எடுத்தே, போன காத்து திரும்ப உள்ள வந்துரும்!”

“பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி!”

“ஏலே, மீன் தலைய நினைச்சி மிதிக்காத. தங்கச்சிய நினைச்சி மிதி!”

பாட்டிலில் குமிழி வருவது நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். பெடல் கல்லு மாதிரி நின்றது. அப்போதும் விடவில்லை. ஷெட் வாசலிலேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி, திருப்தியான பிறகுதான் சாவியைத் தந்தார். “நானும் வேம்பாருக்கு வாரேன்” என்று மச்சான் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

மகள் பிறந்த சந்தோஷத்தில் ஜிலேபியோடு ஷெட்டுக்குப் போனேன். மூலையில் அவருடைய சொந்த வேன் தூசி படிந்து நின்றது.

“இது ஏன் அண்ணாச்சி ஓடாம நிக்கி?”

“பிரேக்குல காத்து.”

“நீங்களே எடுக்கக் கூடாதா?”

“எனக்கு ஏதுவே மச்சான்? கூடப்பிறந்ததும் இல்ல, கட்டினதும் இல்ல. கயிறு பிடிக்க ஆளில்லாமத்தான் கடலையே விட்டேன்.”

 ஜிலேபியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வேனில் ஏறிப் பெடலில் கால் வைத்தேன்.

“மிதிக்கட்டா, மச்சான்?”

அவர் ஸ்பேனரை எடுத்தார். பிறகு கல் முட்டுக்கொடுக்கும் சத்தம், கட்டை வைக்கும் சத்தம். கடைசியில் அடியிலிருந்து குரல் வந்தது.

“மெதுவா மிதி, மச்சான்.”

என் மகளுக்கு இரண்டு தாய்மாமன்.