ஒரு வீட்டுக்கு ஒரு கட்டை

இந்த ரொறன்ரோவில் கதவு தட்டுகிறவர்கள் எத்தனையோ வகை. சுடுதண்ணீர்த் தாங்கி மாற்றித் தருகிறேன் என்று ஒருவன் வருவான். கூரையில் ஓட்டை இருக்கிறது, தெருவிலிருந்தே எனக்குத் தெரிகிறது என்று இன்னொருவன் வருவான். தேர்தல் வந்தால் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒருவர் வருவார். ஆனால் சுவிற்சைத் தட்டினால் வீடு முழுக்கச் சூடாகிற நாட்டில் கதவைத் தட்டி, "தங்கச்சி, ஒரு விறகுக் கட்டை இருந்தால் தாங்கோ" என்று கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஸ்காபரோவில், அதுவும் சரியாக என் வீட்டுக்கு எதிரில் வந்து குடியேறியது நான் போன பிறப்பில் செய்த வினை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைப் பாதிரியாரும் வரிக் கந்தோரும் மட்டுமே பயன்படுத்தினார்கள். எங்களுக்கு அவர் விறகர். அவருடைய மனைவி திரேசாக்காவே எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, எங்கடை விறகரைக் கண்டனீரோ? கோப்பி ஆறுது" என்றுதான் கேட்பார்.

மன்னார் ஆள். கனடாவுக்கு வந்த நாள் தொடக்கம் இத்தாலியரோடு ரைல்ஸ் பதிக்கிற வேலை. போர்மனின் பெயர் ரொக்கோ. இருவருக்கும் ஆங்கிலம் பாதிதான். மீதியை இத்தாலியும் தமிழும் கைவீச்சும் பார்த்துக்கொண்டன. இருபத்தைந்து வருசத்தில் ரொக்கோ கற்ற தமிழ் மூன்று சொல்: "மெல்ல", "சரி", "விசரா". ஒரு வீடு முழுக்க ரைல்ஸ் பதிக்க அந்த மூன்றும் போதும் என்பது விறகரின் அனுபவம்.

ஒரு ஜனவரியில் ரொக்கோ தன் தாயின் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு வர இத்தாலிக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். மலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற கிராமம் அது. போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர். அங்கே ஜனவரி பதினாறாம் திகதி பின்னேரம் வனத்து அந்தோனியாருக்கு நெருப்பு மூட்டுவார்களாம். கோவில் முற்றத்தில், கோவில் கதவை விட உயரமாக விறகு அடுக்குவார்களாம். பாதிரியார் கழுதைக்கும் ஆட்டுக்கும் தீர்த்தம் தெளிப்பாராம். கடைசியில் எல்லாரும் ஆளுக்கொரு இரும்புச் சட்டியில் தணல் எடுத்துக்கொண்டு போய் வீட்டு அடுப்பில் போடுவார்களாம்.

"தங்கச்சி, உங்கடை கார்த்திகைச் சொக்கப்பனை தெரியும்தானே? அதைப் பத்தாலை பெருக்குங்கோ."

பெருக்கினேன். ஒரு தடவை அல்ல, அவர் இந்தக் கதையைச் சொன்ன இருபது தடவையும். நான் சைவக்காரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. திரேசாக்காவுக்குத்தான் இருந்தது. விறகர் கொண்டுவந்த படத்தில் ஒரு தாடிக்காரக் கிழவர், காலடியில் ஒரு பன்றி. "எங்கடை அந்தோனியார் ஜூன் மாசத்திலை குழந்தையேசுவோடை வருவார். உவர் ஆர், குளிருக்குள்ளை தாடியும் பண்டியுமாய்?" என்று கேட்டார். "அவர் வேறை, இவர் வேறை. இவர் சீனியர்" என்றார் விறகர்.

திரும்பி வந்ததும் நெருப்பு எங்கள் தெருவிலும் மூட்டவேண்டும் என்றார். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கிராமத்துச் சட்டங்களையும் அல்லவா பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்துவிட்டார்! விறகைக் காசுக்கு வாங்கக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டை. நெருப்பு மூட்டுகிறவனே ஒவ்வொரு கதவிலும் போய்த் தன் வாயால் கேட்க வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் புகை நேரே மூட்டினவன் கண்ணுக்குத்தான் வரும்.

எங்கள் தெருவில் பத்தொன்பது வீடு. ஒக்டோபர் பிறந்தால் எங்கள் நிம்மதி போய்விடும். நீங்களே சொல்லுங்கள், ஸ்காபரோ வீட்டில் விறகுக்கு எங்கே போவது? முதல் வருசம் நான் ஒரு பழைய அலுமாரிப் பலகையைக் கொடுத்தேன். பெட்டியில் வந்து நாங்களே முறுக்கிப் பூட்டுகிற சாதி. அதை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"உது மரமில்லை தங்கச்சி. மரத்தூளைப் பசை போட்டு அமத்தினது. அந்தோனியார் ஏற்கமாட்டார்."

"அந்தோனியார் வந்து மணந்து பாக்கிறவரோ அண்ணை?"

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்."

அவருடைய கண் என் தோளுக்கு மேலால் குசினிக்குள் போனது. மேசையில் என் இடியப்ப உரல். யாழ்ப்பாணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டு வந்த முதிரை மர உரல். "அது நல்ல வைரமான கட்டை" என்றார் மெதுவாக. அன்று நான் கதவைச் சாத்திய வேகத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு வீடு கூட்டுகிற தும்புத்தடியின் காம்பைக் கொடுத்துச் சமாளித்தேன். எதிர் மூலையில் இருந்த சீன அம்மா காய் வெட்டுகிற பலகையைக் கொடுத்தார். ஜமேக்காக்காரர் தாயம் விளையாடுகிற மேசையின் ஒரு காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வருசம் முழுக்க மூன்று கால் மேசையில் விளையாடினார்.

முதல் நெருப்பைத் தன் பின்வளவில் மூட்டினார். பத்து நிமிசத்தில் இரண்டு தீயணைப்பு வண்டி. வந்தவர்களில் தலைவர் போலிருந்தவர் மரியாதையாக, நகரத்துக்குள் இப்படி எரிக்க அனுமதி இல்லை என்றார். விறகர் அதைவிட மரியாதையாக, "ஒரு நிமிசம் நில்லுங்கோ, நீங்கள் எந்தத் தெரு? உங்கடை வீட்டுக் கட்டை ஒண்டு தரேலுமோ?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் தண்ணீரை அடித்துவிட்டுப் போனார்கள். என் கணவர் ஒரு கிழமை இருமினார்.

அடுத்த வருசத்திலிருந்து பிக்கரிங்குக்கு வடக்கே ரொக்கோவின் மகனுடைய தோட்டக்காணியில், முறையாக அனுமதி எடுத்து. எடுத்தது என் கணவர். விறகு ஏற்றியது எங்கள் வான். தைப்பொங்கல் முடிந்து பானை கழுவிக் காயமுன்னம் நான் மைனஸ் பதினெட்டில் ஒரு வயல் நடுவில் நின்று, இத்தாலியக் கிராமத்து வழக்கப்படி நடுங்கவேண்டும். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு வருசமும் புகை விறகரின் கண்ணுக்குத்தான் போனது. கிழக்கே போய் நின்றால் கிழக்கே வரும். மேற்கே ஓடினால் மேற்கே துரத்தும். மனுசன் நெருப்பைச் சுற்றி ஓடுவார், புகை பின்னால் ஓடும். நாங்கள் பார்த்துச் சிரிப்போம். ரொக்கோ மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்குத் தெரியும். கட்டை பத்தொன்பது அல்ல, பதினெட்டு.

விடுபட்ட வீடு வேறு யாருடையதும் அல்ல, விறகரின் பக்கத்து வீடு. அங்கே இருந்தது திரேசாக்காவின் கூடப்பிறந்த தம்பி அருளப்பு. இரண்டு வளவுக்கும் நடுவில் விறகர் வேலி போட்டபோது நடுத்தூண் ஒரு சாண் தன் பக்கம் வந்துவிட்டது என்று அருளப்பு சொன்னார். "இருபத்தைஞ்சு வருசம் ரைல்ஸ் பதிச்சவன்ரை கண் பிழைக்காது" என்று இவர் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. கடலைத் தாண்டி வந்தும் எங்கள் சனத்துக்கு வேலி இல்லாமல் ஒரு சண்டை பிடிக்கத் தெரியாது. திரேசாக்கா மட்டும் அதே வேலிக்கு மேலால் மீன்குழம்புச் சட்டியை நீட்டுவார். வெறுஞ்சட்டி திரும்பி வரும். ஆண்கள் இருவரும் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்ப்பார்கள்.

"தங்கச்சி, நீங்கள் போய் அவனிட்டை ஒரு கட்டை கேட்டு வாங்கோவன்" என்று வருசா வருசம் விறகர் என்னிடம் கெஞ்சுவார்.

"மூட்டுறவர்தான் கேக்கவேணும் எண்டு சட்டம் சொன்னது ஆர் அண்ணை?"

உடனே தெருவைக் கடந்து தன் வாசலுக்குப் போய்விடுவார்.

அவருடைய கடைசி நெருப்புக்கு முந்திய நவம்பரில் ஒரு காற்று அடித்தது. அந்த வேலி கொங்கிறீற் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. விழுந்ததை யார் தூக்குவது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, பனி வந்து மூடிவிட்டது. அதே மாதம் ரொக்கோ வந்து விறகரின் குசினியில் இருந்து கோப்பி குடித்தார். எண்பத்தாறு வயது, பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். விறகர் மொழிபெயர்த்து எனக்குச் சொன்னது இது: "ஒரு வீடு குறைய ஆறு வருசம் எரிச்சுப்போட்டாய். அது அந்தோனியாற்றை நெருப்பில்லை, பார்பிக்கியூ. பத்தொன்பது கட்டை இல்லாட்டி இனி நான் வாகனத்தாலை இறங்கமாட்டன்."

கட்டை கேட்பது விறகர் என்றாலும் முதல் குச்சியைக் கிழிப்பது எப்போதும் மூத்தவரான ரொக்கோதான்; அவர் இறங்காவிட்டால் அதற்கு ஆள் இல்லை. அதற்குப் பிறகு விறகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. நாலு எட்டு வைத்தால் அருளப்புவின் கதவு. இந்த மனுசன் அதற்கு இத்தாலிக்குப் போய் வந்த தூரத்தை விடக் கூட யோசித்தார்.

பதினாறாம் திகதி காலை நல்ல பனி. விறகர் பனி அள்ளுகிற சவளோடு வெளியே வந்து தன் வாசலை வழித்தார். பிறகு அருளப்புவின் வாசலையும் வழிக்கத் தொடங்கினார். வழித்தார், வழித்தார், வழித்துக்கொண்டே இருந்தார். நான் திரேசாக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, உங்கடை ஆள் தம்பி வீட்டு வாசலிலை தார் கிண்டுறார்."

"விடும் பிள்ளை. ஆள் கதவடிக்குப் போக வழி வெட்டுறார்."

எனக்குப் பொறுக்கவில்லை. குப்பை நாள் இல்லாவிட்டாலும் குப்பை வாளியை உருட்டிக்கொண்டு போய்த் தெருவோரம் நின்றேன். கதவு தானாகத் திறந்தது. சாரத்துக்கு மேல் குளிர்ச் சட்டை போட்டபடி அருளப்பு.

"என்ன?"

"பனி" என்றார் விறகர்.

"தெரியுது."

"கனக்கக் கொட்டியிருக்கு."

"கனடா எண்டால் கொட்டும்."

சவள் இரண்டு தடவை தரையைச் சுரண்டியது. "கட்டை ஒண்டு வேணும்."

"அந்தோனியார் கேட்டவரோ, நீங்கள் கேக்கிறியளோ?"

விறகர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாளியின் சில்லை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"நான்தான் கேக்கிறன்."

"ஆறு வருசமாய்க் கேக்கேல்லை."

"ஆறு வருசமாய் நீயும் தரேல்லை."

"கேட்டால்தானே தரலாம்!" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"பாத்தியளே தங்கச்சி? அந்தக் குடும்பமே உப்பிடித்தான்" என்றார் விறகர். மேல்மாடி யன்னலைத் திறந்து வைத்திருந்த அந்தக் குடும்பத்துப் பெண் அன்று அவருக்கு மத்தியானச் சோறு போடவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு வயலில் நின்றோம். காற்று என்ற பேச்சே இல்லை. பதினெட்டுக் கட்டையும் அடுக்கியாயிற்று. ரொக்கோ மகனுடைய ரக் வண்டிக்குள் கம்பளியால் போர்த்துக்கொண்டு, யன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, விரலால் எண்ணிப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். இறங்கவில்லை. விறகர் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் கிடைக்காத பிள்ளை மாதிரி நின்றார். எனக்குக் கால் விறைத்துப் போயிற்று. "கொளுத்தித் துலையுங்கோ அண்ணை, நான் வீட்டை போகவேணும்" என்று வாய் திறக்கிற நேரம் பாதையில் ஒரு கார் ஒலி எழுப்பியது.

அருளப்புவின் கார். பின்பெட்டி திறந்து கிடக்க, அதற்குள்ளிருந்து ஆறடித் தூண் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி. அடியில் கொங்கிறீற் கட்டி. சண்டைக்குக் காரணமான அதே நடுத்தூண்.

"இந்தாங்கோ அத்தான்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு வருசம். திரேசாக்கா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். புதுவேலி ஒரு சாண் உங்கடை பக்கம்தான்."

"அரைச்சாண்" என்றார் விறகர்.

ரக்குக் கதவு திறந்தது. "மெல்ல, மெல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரொக்கோ இறங்கினார். இருவரையும் பொல்லால் ஒவ்வொரு தட்டுத் தட்டினார். "விசரா. விசரா." பிறகு குவியலைப் பார்த்து, "சரி" என்றார். தெரிந்த தமிழ் முழுவதும் அத்தோடு முடிந்தது.

தூணைக் குவியலின் நடுவில் நட்டு, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார் விறகர். "வேலியிலை நிண்டதை விட நெருப்பிலை நேராய் நிக்குது" என்றார் அருளப்பு. யாரும் அடித்துக்கொள்ளவில்லை. ரொக்கோ குச்சியைக் கிழித்தார்.

இப்போது விறகரும் திரேசாக்காவும் பிறம்ரனில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். புதுவேலி இன்னும் போடவில்லை, சாண் கணக்குத் தீரவில்லை என்று விறகரும் அருளப்புவும் போனில் தினமும் வாதாடுகிறார்கள். ஒக்டோபர் வந்தால் என் கதவு சும்மா இருக்கிறது.

அன்றைக்கு நெருப்பு ஏறிய பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை, எல்லா வீடும் தந்தாச்சே?"

"புகை தங்கச்சி" என்றார். "சரியான புகை."

புகை நூல் பிடித்த மாதிரி நேரே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மனுசனோடு நான் வாதாடாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.